பதினெட்டாயிரம் அடியில் ஒரு தாடி

திருச்சியில் குரங்குக் குல்லாய் வாங்குவது சுலபமல்ல. அக்கா ரோசரி பெரிய கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கினாள். "ஊட்டிக்கா போறீங்க?" என்று கேட்டுவிட்டு எல்லாரும் பூத்துவாலையைத்தான் எடுத்துப் போட்டார்களாம். கடைசியில் அவள் பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் குன்னூர் டீச்சர் ஒருத்தியிடம் இரவல் கேட்டு ஒன்று கொண்டுவந்தாள். செம்மண் நிறக் கம்பளி. தலை, காது, கன்னம், தாடை எல்லாவற்றையும் மூடிவிட்டு, கண்ணையும் மூக்கையும் வாயையும் மட்டும் வெளியே விடும்.

"தண்ணி உறைஞ்சு போற குளிருன்னு நீதானேடா சொன்னே?"

"முகமூடி மாட்டணும்க்கா. இது இடையில இருந்தா..."

"இதுக்கு மேல மாட்டிக்க. உனக்கு எதை எடுத்தாலும் ஒரு சந்தேகம்."

வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் தெருமுனைக்குப் போன பிறகு நான் மட்டும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அதனால் வீட்டில் எனக்கு ரெட்டைப்பூட்டு என்று பெயர். ஸ்தனிஸ்லாஸ் என்ற பெயர் கோவில் ஞானஸ்நானப் பதிவில் பத்திரமாக இருக்கிறது. மாலை வகுப்பு முடிந்து வந்து டைரி எழுதும்போதுகூட, எழுதிய வரியை மறுபடி படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். சரியாக எழுத வருமா என்று தெரியவில்லை. முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், பொங்கல் முடிந்த சமயம். ஒரு சர்வே கம்பெனி, காவிரியையும் அதன் வாய்க்கால்களையும் வானத்திலிருந்து படம் பிடிப்பதற்காக ஒரு சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தைச் செம்பட்டு ஏரோட்ரோமில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பாலக்கரையில் மாலை வகுப்பில் நில அளவை வரைபடம் கற்றுக்கொண்டிருந்த என்னைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார்கள். விமானத்தில் நாங்கள் மூன்றே பேர். ஓட்டுபவர் கேப்டன் வீரமலை. துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், முன்பு விமானப்படையில் இருந்தவர். பின்புறம், தரையில் வெட்டிய துளை வழியாகக் கீழே பார்க்கும் பெரிய காமிராவோடு ரசூல் பாய். கேப்டனுக்கு வலப்பக்கத்து இருக்கையில் நான். உயரம், திசை, வேகம் மூன்றையும் கருவிகளில் படித்து இருவருக்கும் சொல்லிக்கொண்டே வருவது என் வேலை. உயரம் மாறினால் படத்தின் அளவு மாறிவிடும். திசை மாறினால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே யாருடைய வயலாவது காணாமல் போய்விடும்.

நான் எந்த எண்ணையும் இரண்டு முறை சொல்வேன். ஒரு முறை படித்துச் சொல்வேன். பிறகு கண்ணாடியை விரலால் தட்டிவிட்டு, மறுபடி பார்த்து இன்னொரு முறை சொல்வேன். காதில் மாட்டிய கருவியில் இதைக் கேட்டுக் கேட்டு இருவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

"ஒன்பதாயிரம்... ஒன்பதாயிரம்."

"எனக்குக் காது நல்லா கேக்குதுய்யா," என்பார் கேப்டன்.

"விடுங்க கேப்டன், தம்பி ஏலம் விடுது," என்பார் ரசூல் பாய் பின்னாலிருந்து. "ஒரு தரம், ரெண்டு தரம். மூணாந்தரம் சொன்னா விமானம் கைமாறிடும், ஜாக்கிரதை."

இப்படியே தை மாதம் முழுவதும் ஒன்பதாயிரம் அடியில் பறந்து பெரும்பாலான வேலையை முடித்துவிட்டோம். மீதி இருந்தது ஒரே ஒரு நீளப் பட்டை. கல்லணையிலிருந்து மேற்கே குளித்தலை தாண்டி, பதினெட்டாயிரம் அடியிலிருந்து எடுக்க வேண்டிய அகலப் படம். அதற்கு முந்தின நாள் கேப்டன் என்னைக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதே தம்பி. வண்டியில ஒருத்தனுக்குச் சந்தேகம் வந்தா மத்த ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கும். அடுத்த முகாம் மதுரை. உன்னைக் கூட்டிட்டுப் போறதா, வேற ஆளைப் பாக்குறதான்னு இந்தப் பட்டையை முடிச்சிட்டுச் சொல்றேன்."

எனக்கு அந்த இருக்கை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை அன்றைக்கு டைரியில்கூட எழுதவில்லை; எழுதினால் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம்.

பதினெட்டாயிரம் அடிக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அதைப் பற்றிச் சொல்ல மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரை அனுப்பியிருந்தார்கள். அவர் விமானக் கொட்டகையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு பேசினார். "மூச்சு முட்டும், தவிப்பு வரும், உடனே தெரிஞ்சிடும்னு நெனைக்காதீங்க. அப்படி வந்தாத்தான் நல்லதாச்சே! மேலே பிராணவாயு கம்மியானா முதல்ல போறது புத்தி. அது போறப்ப சொல்லிட்டுப் போகாது. ஒருத்தருக்கு விரல் மரத்துப் போகும். ஒருத்தருக்குச் சிரிப்பு வரும். ஒருத்தர் காரணமில்லாம கோபப்படுவார். ஆளுக்கு ஆள் அடையாளம் வேற. உங்க அடையாளம் என்னன்னு நீங்கதான் கண்டுபிடிச்சு வெச்சுக்கணும்."

அன்றிரவு வகுப்பில் என் அடையாளம் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கை மரத்தது போலிருந்தது. லேசாகத் தலை வலித்தது. பாலக்கரையில், தரையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு எல்லா அடையாளமும் இருந்தன.

ஆளுக்கொரு ரப்பர் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ஒரு ரெகுலேட்டர். மூச்சை இழுத்தால்தான் அதிலிருந்து ஆக்ஸிஜன் வரும். முகமூடியின் விளிம்பு முகத்தில் ஒட்டாமல் எங்கேயாவது சந்து இருந்தால், இழுக்கிற மூச்சு சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும். சந்து வழியாக வெறும் காற்றுதான் உள்ளே வரும். ரெகுலேட்டரில் ஒரு சின்னக் கண் உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் அது இமைக்கும். பக்கத்தில் ஒரு சிவப்புக் குமிழ். அதைத் திருப்பினால் நாம் இழுக்காமலேயே ஆக்ஸிஜன் பீய்ச்சிக்கொண்டு வரும். சிலிண்டரும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் சிவப்புக் குமிழைக் கேப்டன் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது என்பது விதி. கேப்டனுடைய குமிழைத் தொடுவது பற்றி விதியே இல்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை, கிளம்பும் முன் முகமூடிகளைச் சோதித்தோம். குழாயின் முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டும். முகமூடி முகத்தைக் கவ்விக்கொண்டால் சரி. ரசூல் பாய் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு ஒரே இழுப்பில் முடித்துவிட்டார். நான் குல்லாய்க்கு மேல் முகமூடியை மாட்டிக்கொண்டு வந்ததும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லா! கரடி ஏறுது, டிக்கெட் போட்டாச்சா?" குல்லாயின் கம்பளி நசுங்கி, எனக்கும் அப்போதைக்குக் கவ்வியது.

கேப்டனின் கன்னத்திலும் தாடையிலும் கருகருவென்று தாடி. அவர் மனைவி ரெங்கம்மாளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்காக ஸ்ரீரங்கத்தில் தாய்வீட்டில் இருந்தார். மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். முன்பு இரண்டு தடவை குழந்தை தங்காமல் போயிருந்ததால், இந்த முறை மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"சார், தாடி இருக்கே. முகமூடி ஒட்டுமா?" என்று கேட்டேன்.

"பாத்துக்க," என்று அவர் முகமூடியை ஒரு கையால் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாயை அடைத்து இழுத்தார். கவ்வியது. "போதுமா? இதை மாட்டிக்கிட்டுத் தூங்கியே இருக்கேன்யா நான்."

எனக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு எப்போதும் ஏதாவது உறுத்தத்தான் செய்யும் என்பதால் விட்டுவிட்டேன்.

பத்தாயிரம் அடியில் முகமூடியை மாட்டிக்கொண்டோம். பதினெட்டாயிரத்துக்கு ஏறிச் சமன் செய்தபோது ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் பூப்பூவாய் உறைபனி. கல்லணை வந்தது. "ஆரம்பம்," என்றார் கேப்டன். பின்னால் காமிரா கடக், கடக் என்று தொடங்கியது. கீழே ஆறு இரண்டாய்ப் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. ஏழு மதில்களும் பெட்டிக்குள் பெட்டி வைத்தது போல அவ்வளவு நேராக இருந்தன. மலைக்கோட்டை யாரோ சட்டைப் பையிலிருந்து தவறவிட்ட கூழாங்கல்.

நான் எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். குல்லாயின் கதகதப்பு இதமாக இருந்தது. வெயில் இறக்கையில் தங்கமாய்ப் பட்டது. இவ்வளவு அழகான காலை என் வாழ்க்கையிலேயே வந்ததில்லை என்று தோன்றியது. எல்லாம் சுலபமாக இருந்தது. வரைபடப் பரீட்சையில் முதலாவதாக வந்துவிடுவேன். மதுரைக்கு என்னைத்தான் கூட்டிப்போவார். கூட்டிப் போகாவிட்டால் என்ன, இந்த விமானத்தை நானே ஓட்டுவேன். அதில் என்ன கஷ்டம்?

"பதினெட்டாயிரம்," என்றேன்.

"தம்பி," என்றார் ரசூல் பாய் காதுக்குள். "ஏலம் என்னாச்சு? கொஞ்ச நேரமா ஒரு தரத்தோட நிறுத்திடுறே. ஒருவழியா தேறிட்டே போ!"

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், தேறிவிட்டேன். இனிமேல் எதற்கு இரண்டாவது தடவை? ஒரு தடவை பார்த்தாலே எனக்குத் தெரிகிறதே. எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை மனசுக்குள் சொன்னபோதுதான் முதுகு சில்லிட்டது. எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படி ஒரு நிமிஷம் நான் பிறந்ததிலிருந்து இருந்ததில்லை. பூட்டைப் பார்க்காமல் நான் தெருமுனை தாண்டியதில்லை. மெட்ராஸ் டாக்டர் பெட்டிமேல் உட்கார்ந்து சொன்னது எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. உங்க அடையாளம் என்னன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

ரெகுலேட்டரைப் பார்த்தேன். இமைக்க வேண்டிய கண் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல அரைகுறையாகத் துடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு பெரிய மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, முகமூடியைக் கழற்றி, குல்லாயைப் பிடுங்கிக் காலடியில் போட்டுவிட்டு, ரப்பரை நேரே தோலில் வைத்து வாரை இறுக்கினேன். மூச்சை இழுத்தேன். முகமூடி கவ்வியது. கண் பளிச்சென்று இமைத்தது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு.

வெயிலின் தங்கம் போயிற்று. சாதாரண வெயில். குளிர் கன்னத்தில் கடித்தது. பரீட்சையில் தேறுவேனா என்று தெரியவில்லை. கடைசியாகச் சொன்ன எண் சரிதானா?

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். முள் பத்தொன்பதாயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. திசைமுள் மேற்கை விட்டு வடக்குப் பக்கமாக நகர்ந்திருந்தது. கீழே ஆறு இல்லை. மேட்டுக்காடும், தூரத்தில் பச்சைமலையும். பட்டை எப்போதோ கெட்டுவிட்டது. கேப்டன் ஏதோ தெம்மாங்கு பாடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் காலையில் என்னை உறுத்தியது எது என்று புரிந்தது. சோதனை செய்தபோது அவர் முகமூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு கையும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தில் இருந்தன. தாடி முழுவதும் சந்து.

"சார், உயரம் பத்தொன்பதாயிரம். பத்தொன்பதாயிரம். திசை தப்பிப் போச்சு."

"அங்க பாருய்யா," என்றார் குதூகலமாக. "எங்க ஊரு! மாந்தோப்பு தெரியுதா? அப்பா கெணத்து மேட்டுல நிப்பாரு."

"சார், உங்க முகமூடி ஒட்டலை. தாடியால ஆக்ஸிஜன் வரலை. கீழே இறங்கணும்."

"எனக்கு என்ன கேடு? இப்படி ஒரு நாளும் நான் ஓட்டினதே இல்லை. இதையே கல்கத்தா வரைக்கும் ஓட்டுவேன்."

"உங்க ரெகுலேட்டரைப் பாருங்க சார்."

"எல்லாத்துக்கும் ஒரு சந்தேகம்," என்று சிரித்தார். அவர் நகங்கள் நாவல்பழம் போல நீலம் பாரித்திருந்தன. "சும்மா அரிக்குதுய்யா இது," என்று முகமூடியின் வாரைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"பாய்!" என்று கத்தினேன். "கேப்டனுக்குக் காத்துப் பத்தலை. நான் சிவப்புக் குமிழைத் திருப்பப்போறேன். நான் சரியா இருக்கேனா? என் பேச்சு சரியா இருக்கா?"

"ரெண்டு தரம் சொன்னே," என்றார் ரசூல் பாய். அவர் குரலில் விளையாட்டு இல்லை. "அப்ப சரியாத்தான் இருக்கே. திருப்பு."

அப்போதும் எனக்கு நிச்சயமாக இல்லை. ஒருவேளை தப்பாக இருந்தால், சிலிண்டர் வீணாகி, பட்டையும் போய், செம்பட்டில் இறங்கியதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தப்பாக இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்களை ஓட்டுவதற்கு ஆள் இருக்காது. சந்தேகம் தீர்ந்த பிறகுதான் எதையும் செய்ய வேண்டும் என்று நினைத்து வந்தவன் நான். அது தீரவில்லை. அதோடேயே கையை நீட்டிக் கேப்டனுடைய சிவப்புக் குமிழை முழுவதும் திருப்பினேன்.

"யாரைக் கேட்டுடா தொட்டே!" அவர் முழங்கை என் விலாவில் இறங்கியது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வரைபடம் மடியிலிருந்து பறந்தது. நான் வலது கையால் அவர் முகமூடியை முகத்தோடு அழுத்திக்கொண்டேன். அவர் தள்ளினார். நான் விடவில்லை. ஆக்ஸிஜன் சீறிக்கொண்டு வந்து தாடிச் சந்துகளில் விசிலடித்தது. அவர் திட்டிய வசவுகளை டைரியில் எழுத முடியாது.

வசவின் நடுவிலேயே அவர் நின்றுபோனார்.

கண்கள் மாறின. தூங்கி எழுந்தவர் போல மாந்தோப்பைப் பார்த்தார், உயரமானியைப் பார்த்தார், பிறகு தன் நகங்களைப் பார்த்தார். என் கையைத் தட்டிவிடாமல் அதன் மேலேயே தன் இடது கையை வைத்து முகமூடியை அழுத்திக்கொண்டார். வலது கையால் சாய்வைச் சரிசெய்து மூக்கைக் கீழே இறக்கினார்.

"ஸ்தனிஸ்லாஸ்," என்றார். அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உயரம் சொல்லு."

"பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பதினெட்டாயிரத்து ஐந்நூறு."

"சொல்லிக்கிட்டே வா."

சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்பதாயிரம் அடியில் முகமூடிகளைக் கழற்றினோம். ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் மறுபடி வந்து, மலைக்கோட்டை வந்து, செம்பட்டு ஓடுபாதை வந்தது.

இறங்கி எஞ்சின் நின்றதும் கேப்டன் என் பக்கம் திரும்பினார். "என் குமிழைத் தொட்டே, இல்ல?"

"ஆமா சார்."

"யாரைக் கேட்டு?"

"உங்களைத்தான் முதல்ல கேட்டேன் சார். நீங்க ஊருக்குப் போற ஜோருல இருந்தீங்க."

ரசூல் பாய்தான் முதலில் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "மூணு பேரையும் மேலோகத்துல கொண்டுபோய்ச் சேத்திருப்பேன்," என்றார். பிறகு, "முகமூடியை எடுத்துக்க. ஸ்ரீரங்கம் போறோம்."

ஸ்ரீரங்கம் மேலூர் சாலையில், வாழைத் தோட்டத்தை ஒட்டி அவர் மாமியார் வேலம்மாளின் வீடு. ஜீப்பை விட்டு இறங்கும்வரை புலியாக இருந்தவர், வாசலில் மாமியாரைக் கண்டதும் என் பின்னால் நின்றுகொண்டார். நடந்ததை நான்தான் சொன்னேன். ரெங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முகமூடி ஒட்டவில்லை என்று சொன்ன இடத்தில் அவர் கை தன் வயிற்றுக்குப் போனது.

"தாடியை எடுத்துடுறேன் அத்தை. திங்கக்கிழமை மறுபடி மேலே போகணும்," என்றார் கேப்டன் மெதுவாக.

"ரெண்டு தடவை கைநழுவிப் போச்சு மாப்பிள்ளை. மூணாவது நல்லபடியா வரணும்னுதானே இவ்வளவும்? இத்தனை நாள் காத்துட்டு, இப்பப் போய்க் கத்தி வைக்கிறதா?"

"ஏம்மா," என்றார் ரெங்கம்மாள், "பிள்ளைக்குத் தாடி வேணுமா, அப்பா வேணுமா?"

"ரெண்டும் வேணும்," என்றார் வேலம்மாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மா, தாடி முழுசும் போகணுமான்னு எனக்குத் தெரியலை," என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "முகமூடியோட விளிம்பு படுற இடத்துலதான் முடி இருக்கக் கூடாது. உள்பக்கம் இருக்கிற முடி எதையும் தடுக்காது. பாக்கலாமா?"

கேப்டனை முக்காலியில் உட்காரவைத்து முகமூடியை மாட்டினேன். சட்டைப் பையில் வகுப்புப் பென்சில் இருந்தது. அது முகத்தில் எழுதவில்லை. ரெங்கம்மாள் உள்ளே போய்க் கண்மைச் சிமிழைக் கொண்டுவந்தார். ஈர்க்குச்சியை மையில் தொட்டு, முகமூடியின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். முகமூடியை எடுத்துவிட்டு, ரப்பரின் அகலத்தை அளந்து, உள்ளே இன்னொரு கோடு போட்டேன். பிறகு முகமூடியை மறுபடி வைத்துப் பார்த்து, இடது தாடையில் கொஞ்சம் திருத்தினேன். வாழ்க்கையில் நான் வரைந்த முதல் எல்லைக்கோடு கேப்டனின் முகத்தில்தான்.

சவரம் செய்யத் தங்கையன் வந்தார். கத்தியைத் தீட்டிக்கொண்டே கோடுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்னங்க, வாய்க்கா வரப்பா?"

"உள்கோட்டுக்கு உள்ளே கை வைக்காதே. மத்ததெல்லாம் எடுத்துடு," என்றார் கேப்டன்.

"வெளியில இருக்கிறதும் இருக்கட்டுமே," என்றார் வேலம்மாள்.

"அத்தை! நடுவுல மட்டும் சிரைச்சா முகத்துல ரோடு போட்டாப்பல இருக்கும். ஏரோட்ரோமே சிரிக்கும்."

முடிந்தபோது மீசையும், உதட்டுக்குக் கீழே ஒரு பிடித் தாடியும் மிச்சம் இருந்தன. வேலம்மாள் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தாடிதான்," என்றார் கடைசியில். "கொஞ்சமா இருக்கு. ஆனா தாடிதான்."

ரெங்கம்மாள் அப்போதுதான் சிரித்தார். "கூத்துல வர்ற மந்திரி மாதிரி இருக்கீங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து ரோசரியிடம் குல்லாய் விஷயத்தைச் சொன்னேன். என்னைக் கொல்லப் பார்த்தது தன் குல்லாய்தான் என்று கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. கத்திரிக்கோலை எடுத்துக் கன்னப் பக்கத்தையும் தாடைப் பக்கத்தையும் வெட்டி எறிந்தாள். தலையும் காதும் மட்டும் மிஞ்சின.

"இரவல் குல்லாய்க்கா. குன்னூர் டீச்சருக்கு என்ன சொல்லுவே?"

"பதினெட்டாயிரம் அடியில காத்து கடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொல்றேன். நீ தலையைக் காட்டு."

திங்கட்கிழமை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. விமானத்தருகில் கேப்டன் முகமூடியை மாட்டி, குழாயை அடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். நான் கேட்பதற்கு முன்பே இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முகமூடி மீசையையும் பிடித் தாடியையும் உள்ளே அடக்கிக்கொண்டு கச்சிதமாகக் கவ்வியது. கையே படாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். என்னிடம் "உன்னோடது?" என்றார். எனதும் கவ்வியது. ரசூல் பாய் எங்கள் இருவரையும் பார்த்து, "ஒருத்தர் மந்திரி, ஒருத்தர் பாதிக் கரடி. இதுல நான் ஒருத்தன்தான் மனுஷன்," என்றபடி ஏறிக்கொண்டார்.

பதினெட்டாயிரம் அடி. கல்லணை. "ஆரம்பம்." காமிரா கடக், கடக் என்று ஓடியது. இரண்டு ரெகுலேட்டர் கண்களும் எங்கள் மூச்சுக்குத் தாளம் போட்டன. ஸ்ரீரங்கத்தின் ஏழு மதில்கள், மலைக்கோட்டை, முக்கொம்பு. வலப்பக்கம் தூரத்தில் பச்சைமலை நீலமாகத் தெரிந்தது. கேப்டன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குளிர் கடித்தது. வெயில் சாதாரண வெயிலாகவே இருந்தது. எண்ணைச் சரியாகத்தான் படிக்கிறேனா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த நினைப்பு அப்படியே இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சந்தேகப்பட்டதில்லை.

குளித்தலை தாண்டியது. "கடைசிப் படம்!" என்று ரசூல் பாய் கூவினார். "முடிஞ்சது கேப்டன்! ஒரு வயலு விடலை!" அவர் காமிராவைத் தட்டுகிற சத்தம் காதில் கொட்டு மேளம் போலக் கேட்டது.

கேப்டன் தலையை ஆட்டினார். விமானத்தைத் திருச்சிப் பக்கம் அகலமாக, அழகாகத் திருப்பினார். "மதுரையிலயும் மேலே இதே குளிருதான். அந்தப் பாதிக் குல்லாயை மறக்காம எடுத்துக்க," என்றார்.

எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. நல்லவேளை, முகமூடி இருந்தது. உயரமானியைப் பார்த்து, "பதினெட்டாயிரம்," என்றேன்.

காதுக்குள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"என்னய்யா," என்றார் கேப்டன். "ஒரு தரம் சொன்னே. ரெண்டாந்தரம் எங்கே?"

கண்ணாடியை விரலால் தட்டிவிட்டு, மறுபடி பார்த்தேன்.

"பதினெட்டாயிரம்," என்றேன்.